மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் காட்டில் கலைப்படைப்புகள் வைக்கலாமா?

ஆற்றங்கரையான்:
இத்தாலியின் ஆர்த்தே செல்லா என்ற மலைக்காட்டில் 1986 முதல் கலைஞர்கள் கிளை, இலை, கல் கொண்டு படைப்புகளை அமைத்து வருகிறார்கள். 2001இல் ஜூலியானோ மௌரி அங்கே கிளைகளைப் பின்னி 80 தூண்கள் எழுப்பி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கன்று நட்டார். தூண் உக்க உக்க, மரம் வளர்ந்து மண்டபமாகும். விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள், காடும் வாவியும் இருக்கின்றன. நாம் ஏன் தொடங்கக்கூடாது?

கண்ணாக்காடு:
வேண்டாம் தம்பி. வாவியோரம் ஒருமுறை கண்ணா (அலையாத்தி) மரங்களுக்கு இடையே தங்கூசி (நைலான் நரம்பு) கட்டி வண்ணத் துணிகளைத் தொங்கவிட்டார்கள். அழகாகத்தான் இருந்தது. முடிந்ததும் துணியை அவிழ்த்தார்கள், தங்கூசியை விட்டுவிட்டார்கள். இரண்டு கிழமை கழித்துத் தோணியில் போனபோது ஒரு மீன்கொத்தி சிறகு சுற்றித் தலைகீழாகத் தொங்கியது. கத்தியால் அறுத்து எடுத்தேன். கையிலேயே செத்துப்போனது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்ததையும் பார்த்தோம். காட்டுக்குள் கொண்டுபோகும் எதையும் ஏதோ ஓர் உயிர் வாயில் வைத்துப் பார்க்கும்.

வெல்லாவெளிப் பிள்ளை:
வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். குருத்தோலைத் தோரணம், கமுகம்பாளை, வேப்பிலை. அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு முடிந்து சில நாளில் எல்லாம் சருகு. எந்த நார் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கட்டுகிறவருக்குத் தெரியும். அவரைக் கலைஞர் என்று சொல்லத்தான் நமக்கு வாய் வரவில்லை. இத்தாலிக்கு ஏன் போகவேண்டும்?

கண்ணாக்காடு:
அது வழிபாடு, ஊரே காவல் நிற்கும். காட்டுக்கு வேடிக்கை பார்க்க வருகிறவன் சோற்றுப் பொதியையும் தண்ணீர்ப் போத்தலையும் போட்டுவிட்டுப் போவான். 2006இல் மக்களுக்குத் திறந்த பிரேசிலின் இன்யோச்சிம் கலைத்தோட்டம் முன்பு பண்ணை நிலம். அங்கே தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள், டிக்கெட் இருக்கிறது. தோட்டத்தில் வையுங்கள், நானே மண் சுமக்கிறேன். காட்டை விட்டுவிடுங்கள்.

ஆற்றங்கரையான்:
அண்ணன், அந்த மீன்கொத்தியைப் படித்தபின் வெகுநேரம் எழுத முடியவில்லை. தங்கூசி, ஆணி, பிளாஸ்டிக் கூடவே கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் எட்டிப்பார்க்காத காட்டைத்தான் சத்தமில்லாமல் வெட்டுகிறார்கள். ஒரு மருத மரத்தின் கீழே பிள்ளைகளை ஒரு மணிநேரம் நிற்கவைக்கும் எதுவும் எனக்கு வேண்டும். முதல் வேலையை எங்கள் வளவில் செய்கிறோம். கிடுகும் களிமண்ணும் மட்டுந்தான். வந்து பாருங்கள்.

கண்ணாக்காடு:
வருகிறேன். மார்கழி மழை விட்டபிறகு இன்னொருமுறையும் வருவேன். என்ன மிஞ்சிக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டுக் காட்டைப் பற்றிப் பேசுவோம்.