பிரதேச சபைத் தேர்தலில் யார் யாருக்குக் காசு கொடுத்தார்கள் என்று எங்கே பார்க்கலாம்?

சாம்பல்தீவு கணக்குப்பிள்ளை:

வணக்கம். நான் திருகோணமலை சாம்பல்தீவு. பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குள் வருகிறோம். ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன்.

2025 மே 6 தேர்தலின்போது எங்கள் பக்கம் ஒரு வேட்பாளருக்காக ஓடிய ஓட்டோக்களையும் ஒலிபெருக்கிகளையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு வட்டார வேட்பாளர் தன் சம்பளத்தில் செய்யக்கூடிய வேலை இல்லை. சந்திக்குச் சந்தி பனர். கூட்டம் நடந்த இரவுகளில் ஜெனரேட்டர், கதிரை, சாப்பாட்டுப் பார்சல். அவரை நேரில் கண்டு, "தம்பி, இவ்வளவுக்கும் யார் தந்தது?" என்று கேட்டேன். "ஆதரவாளர்கள் தந்தது அக்கா" என்றார். பெயர் சொல்லவில்லை.

எங்கள் சங்கத்தில் யாராவது 500 ரூபாய் தந்தாலும் பற்றுச்சீட்டு எழுத வேண்டும். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அந்தக் கணக்கை வாசிக்க வேண்டும். வலை பின்னுகிற அம்மாவும் எழும்பிக் கேள்வி கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும். ஒரு சபையின் ரோட்டு வேலை, கடைக்குத்தகை, குப்பை லொறி எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறவர்களிடம் அதைவிடக் குறைவாக எதிர்பார்ப்பது எப்படிச் சரியாகும்?

நான் கேட்பது இதுதான். வேட்பாளர்கள் நன்கொடைக் கணக்கு கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்ததாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கணக்கைச் சாதாரண வாக்காளர் பார்க்கலாமா? எங்கே போய்க் கேட்பது?

உட்துறைமுக வீதி:

தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற அரச ஊழியன். பல தேர்தல்களில் கடமை செய்தவன்.

நீங்கள் சொல்வது 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம். முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் தனக்கு வந்த நன்கொடைகளையும் செய்த செலவுகளையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். வென்றவர், தோற்றவர் என்ற வித்தியாசம் இல்லை. கட்சிச் செயலாளரும் சுயேச்சைக் குழுத் தலைவரும் தங்கள் பங்குக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் மீது வழக்குப் போடலாம். உங்கள் வேட்பாளருடைய கணக்கு கொழும்பில் தேடவேண்டியது இல்லை. மாவட்டத் தேர்தல்கள் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

யாரிடம் வாங்கக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது. அரச திணைக்களங்கள், கூட்டுத்தாபனங்கள், வெளிநாட்டு அரசுகள், வெளிநாட்டில் பதிந்த கம்பனிகள். தான் யார் என்று சொல்லாத ஆளிடமும் வாங்கக்கூடாது. ஆகவே "ஆதரவாளர்கள் தந்தது" என்று உங்களுக்குச் சொன்னது படிவத்தில் போதாது. அங்கே பெயர் வேண்டும்.

இந்த நாட்டில் இது புதிதும் இல்லை. 1946 ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத்திலேயே செலவுக்கு வரம்பும் கணக்கும் இருந்தன. விகிதாசார முறைக்கு மாறி 1981 இல் புதிய பாராளுமன்றத் தேர்தல் சட்டம் வந்தபோது அவை கைவிடப்பட்டன. திரும்பி வர நாற்பது வருடங்களுக்கு மேல் எடுத்தது. அந்த இடைவெளியில் வளர்ந்த பழக்கங்களைத்தான் இப்போது பார்க்கிறோம்.

தோற்ற சுயேச்சை:

அக்கா, நானும் அதே தேர்தலில் ஒரு சுயேச்சைக் குழுவில் நின்றவன். படிவம் நிரப்பியவன் என்ற முறையில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

எனக்கு வந்தவை சின்னச் சின்னத் தொகைகள். கூடப் படித்தவர்கள், மாமா, பாலையூற்றில் கடை வைத்திருக்கும் ஒருவர். எல்லாருடைய பெயரையும் எழுதினேன். துண்டுப்பிரசுரத்தை ஒரு நண்பர் தன் அச்சகத்தில் காசு வாங்காமல் அடித்துத் தந்தார். அதற்கும் ஒரு விலை போட்டு நன்கொடைப் பக்கத்தில் எழுதினேன். காசாக வந்தாலும் பொருளாக வந்தாலும் நன்கொடை நன்கொடைதான்.

ஆனால் இதே செலவை "சொந்தப் பணம்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறவரை யார் மறித்துக் கேட்கிறார்கள்? கணக்கு நேரத்துக்கு வந்ததா என்று பார்க்க ஆள் இருக்கிறது. வந்த கணக்கு உண்மையா என்று தெருவில் ஓடிய ஓட்டோக்களோடு வைத்துப் பார்க்க ஆள் இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. ஒழுங்காக எழுதினவனும் ஒப்புக்கு எழுதினவனும் ஒரே கோப்புக்கட்டுக்குள் கிடக்கிறார்கள்.

வரம்பைப் பற்றியும் யோசியுங்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று கணக்கிட்டு, ஒரு வேட்பாளருக்கு 186 கோடி ரூபாய்க்கு மேல் அனுமதித்தார்கள். அவ்வளவு செலவழிக்க விட்டால், எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை இன்னும் கடுமையாக அல்லவா கேட்க வேண்டும்?

சாம்பல்தீவு கணக்குப்பிள்ளை:

இரண்டு பேருக்கும் நன்றி. தம்பி, அச்சகச் செலவுக்கு விலை போட்டு எழுதினீர்களே, கணக்கு எழுதுகிறவளாகச் சொல்கிறேன், அதுதான் சரியான முறை.

ஐயா, இன்னொன்று. இந்தச் சட்டம் தேர்தல் காலத்துக்கு மட்டும்தானே? தேர்தல் இல்லாத வருடங்களில் கட்சிக்கு வருகிற பணம்? ஒப்பந்தக்காரர் கெட்டிக்காரர் என்றால் வேட்புமனு நாள் வரை காத்திருக்க மாட்டார்.

ஈஸ்ட்ஹாம், முன்பு மட்டிக்களி:

அந்தக் கேள்விக்கு நான் இருக்கிற நாட்டிலிருந்து சொல்கிறேன். பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்சிகள் தங்களுக்கு வரும் பெரிய நன்கொடைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்க வேண்டும். பொதுத்தேர்தல் நேரத்தில் வாரத்துக்கு ஒருமுறை. 500 பவுணுக்கு மேல் தருகிறவர் இந்நாட்டு வாக்காளர் பட்டியலில் உள்ளவராகவோ இங்கே பதிந்து தொழில் செய்யும் கம்பனி, தொழிற்சங்கம் போன்ற அமைப்பாகவோ இருக்க வேண்டும். தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் கட்சியின் பெயரை அடித்தால் தந்தவர், தொகை, திகதி எல்லாம் வரும். விண்ணப்பம் தேவையில்லை. நான் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது பார்த்திருக்கிறேன்.

புலம்பெயர்ந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ச்சங்கங்கள் தேர்தல் என்றால் காசு சேர்த்து அனுப்புகின்றன. எந்தக் கட்சிக்கு, யார் கையில், எவ்வளவு என்று கூட்டத்தில் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். ஊரில் வெளிப்படை வேண்டும் என்று எழுதுகிற நாங்கள் முதலில் பற்றுச்சீட்டு கேட்க வேண்டும்.

அப்புறம் இந்தியாவைப் பாருங்கள். தேர்தல் பத்திரம் என்று 2018 இலிருந்து ஒரு முறை ஓடியது. ஸ்டேட் பாங்கில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம், தந்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. 2024 பெப்ரவரி 15 இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்த்தது, வாக்காளருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது என்ற காரணத்தோடு. மார்ச்சில் விபரம் வந்தபோது கோயம்புத்தூர் லொத்தர் நிறுவனம் ஒன்று 1,300 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் பத்திரம் வாங்கியிருந்தது. ஆனால் முதலில் வந்தவை இரண்டு தனித்தனிப் பட்டியல்கள். வாங்கியவர் ஒன்றில், பணமாக்கிய கட்சி மற்றதில். பத்திர இலக்கங்களையும் தா என்று நீதிமன்றம் சொன்ன பிறகுதான் யார் யாருக்குத் தந்தார்கள் என்று பொருத்திப் பார்க்க முடிந்தது.

உட்துறைமுக வீதி:

தங்கச்சியின் கேள்விக்கு: ஆம், 2023 சட்டம் தேர்தலோடு நின்றுவிடுகிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் கணக்காய்வு செய்த ஆண்டறிக்கையை இங்குள்ள தேர்தல்கள் ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும், ஆனால் தந்தவர் பெயர்ப்பட்டியல் அதில் மக்கள் பார்வைக்கு வருவதில்லை. இதற்குத் தனிச் சட்டம் வேண்டும்.

இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தேர்தல்கள் ஆணைக்குழு அரசியலமைப்பால் உருவானது, ஆகவே அது தகவல் தரக் கடமைப்பட்டது. பிரதேச சபையும் அப்படியே. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சாம்பல்தீவு கணக்குப்பிள்ளை:

ஈஸ்ட்ஹாம் அண்ணா சொன்ன இரண்டு பட்டியல் விஷயம் எனக்கு வழி காட்டிவிட்டது. நன்கொடை தந்தவர் பெயரையும் சபையில் ஒப்பந்தம் பெற்றவர் பெயரையும் பொருத்திப் பார்க்க, ஒரு விண்ணப்பம் அல்ல, இரண்டு எழுதப் போகிறேன்.

முதலாவது மாவட்டத் தேர்தல்கள் அலுவலகத்துக்கு: எங்கள் வட்டாரத்தில் போட்டியிட்ட எல்லா வேட்பாளர்களும் கொடுத்த கணக்கின் பிரதிகள், நன்கொடையாளர் பெயர், திகதி, தொகையோடு. கொடுக்காதவர்கள் யார், அவர்கள் மீது என்ன நடவடிக்கை என்பதும். ஒருவரை மட்டும் குறிவைத்தால் அரசியல் என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். நான் வாக்களித்தவருடைய கணக்கையும் சேர்த்தே கேட்கிறேன்.

இரண்டாவது பிரதேச சபைக்கு: புதிய சபை கூடிய நாளிலிருந்து கொடுத்த ஒப்பந்தங்கள், குத்தகைகள், பெற்றவர் பெயர், தொகை, எத்தனை பேர் விலை கேட்டார்கள் என்ற விபரம்.

தம்பி, உங்களுக்கு நேரம் இருந்தால் கிடைக்கிற படிவங்களை என்னோடு இருந்து பாருங்கள். ஓட்டோ வாடகையும் பனர் விலையும் அந்த மாதம் என்ன போனது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். வேறு வட்டாரங்களில் யாராவது இதே மாதிரிக் கேட்கத் தயாராக இருந்தால் இங்கே எழுதுங்கள், விண்ணப்பத்தின் தமிழ் வரைவைப் போட்டுவிடுகிறேன்.