குடியை நிறுத்தியதும் சத்தமும் வெளிச்சமும் தாங்காதவர்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி | மீட்பு மைய ஆலோசகர்

வணக்கம். குடிநோய்ச் சிகிச்சைக்கு வருபவர்களில் சிலர், "சரக்கு உள்ள போனாத்தான் சார் சத்தமெல்லாம் அடங்குது" என்கிறார்கள். நிறுத்திய மறுநாளே டியூப்லைட், பினாயில் வாடை, பக்கத்துக் கட்டில்காரர் இருமல் எல்லாம் அவர்களை வதைக்கிறது. பாதியில் கிளம்பிவிடுகிறார்கள். இது விலகல் அறிகுறியா (குடி நின்றதால் உடல் படும் பாடு), சின்ன வயதிலிருந்தே உள்ள புலன் கூருணர்வா (சத்தம், வெளிச்சம், வாடையை மற்றவர்களைவிட அதிகமாக உணர்வது)? எப்படிப் பிரிப்பது? வார்டில் எதை மாற்றலாம்?

பதில் | மனநல மருத்துவர்

இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். மது, மூளையில் காபா என்ற வேதிப்பொருளின் அடக்கும் வேலையைக் கூட்டி, குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் தூண்டும் வேலையைக் குறைக்கிறது. நாள்பட்டுக் குடிக்கும்போது மூளை அதை ஈடுகட்டப் பழகிவிடும். குடி திடீரென நின்றால் தூண்டல்தான் ஓங்கும். ஏற்கெனவே சத்தம் ஆகாதவருக்கு இது இரட்டைச் சுமை.

முதலில் உயிர். கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிக்குள் டெலிரியம் ட்ரெமன்ஸ் (மனக்குழப்பம், பிரமை, கடும் நடுக்கம்) வரலாம். தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டில் சட்டென நிறுத்தச் சொல்லவே வேண்டாம்.

விலகலை அளக்கும் சி.ஐ.டபிள்யு.ஏ. அளவுகோலில் 10 கேள்விகள். அவற்றில் தொடுதல், கேட்டல், பார்த்தல் மூன்றுக்கும் தலா 7 வரை மதிப்பெண். "வெளிச்சம் கண்ணைக் கூசுதா?", "சத்தம் கடுமையா கேக்குதா?" என்றுதான் கேட்போம். எப்போதுமே புலன் கூச்சம் உள்ளவர் இதில் கூடுதலாக வாங்குவார். அதற்காக முதல் 4 நாளில் மதிப்பெண்ணைக் கழித்துவிடாதீர்கள். நடுக்கம், வியர்வை, நாடித்துடிப்போடு சேர்த்துப் பாருங்கள். அவை அடங்கியும் கூச்சம் மட்டும் வாரக்கணக்கில் நின்றால்தான் பழைய கதையைத் தேட வேண்டும்.

பதில் | ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்பாட்டுச் சிகிச்சையாளர்)

பழைய கதை அம்மாவிடம்தான் கிடைக்கும். நகம் வெட்ட, முடி வெட்ட அழுதாரா? சட்டைக் காலர் லேபிளைப் பிய்த்தாரா? குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்தினாரா? தீபாவளிக்கு வீட்டுக்குள்ளேயே இருந்தாரா? வெண்டைக்காய் வழவழப்புக்கு ஓங்கரித்தாரா? குடி தொடங்குவதற்கு முன்பே இவற்றில் பல இருந்திருந்தால், குடி அதை மூடிவைத்த போர்வை என்று எடுத்துக்கொள்ளலாம். கூடவே ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்) உள்ளதா என்றும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். புலன் செயலாக்கக் குறைபாட்டை டி.எஸ்.எம்.-5 (அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேடு) தனி நோயாக ஏற்கவில்லை. 2013இல் ஆட்டிசத்தின் அளவுகோலுக்குள் மட்டும் புலன் சிக்கல் சேர்ந்தது.

புலன் உணர்வை அளக்க, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வின்னி டன் சகாவோடு வடிவமைத்த பெரியவர்களுக்கான 60 கேள்விப் படிவம் உண்டு. குடியை நிறுத்திய முதல் இரண்டு வாரத்தில் அதைக் கொடுக்காதீர்கள், விடை விலகலைத்தான் காட்டும். எல்லோரும் கூச்சக்காரர்களும் அல்ல. சிலருக்குப் புலன் மந்தம், வேகமும் காரமும் போதையும் தேடுவார்கள். அவர்களை இருட்டறையில் படுக்கவைத்தால் குடி வேட்கை ஏறும். அவர்களுக்குக் கபடி, கிணற்றுத் தண்ணீர் இறைப்பது, மண்வெட்டி வேலை.

கூச்சக்காரருக்குச் சுவர் ஓரக் கட்டில், கழிவறைக்குத் தூரத்தில். டியூப்லைட்டுக்குப் பதில் மஞ்சள் பல்ப். அவர் வெளியே இருக்கும் நேரத்தில் பினாயில் துடைப்பு. 1 மணி நேரக் குழுக் கூட்டத்தை நடுவில் இடைவேளை விட்டு 25 நிமிடமாக இரண்டாகப் பிரியுங்கள், கதவோரம் உட்காரட்டும். எழுந்து போனால் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவதுதான் பல இடங்களில் நடக்கிற பெரிய அநியாயம்.

ஃபோம் இயர்பிளக்கை (காதடைப்பானை) உருட்டி மெலிதாக்கி, காதை மேலும் பின்னும் இழுத்து நுழைத்து, 30 விநாடி பிடிக்க வேண்டும். பாதி நுழைத்தால் பயனில்லை. நாள் முழுக்க மாட்டியிருந்தால் காது இன்னும் கூசத் தொடங்கும், பேருந்து, சந்தை என்று தேவையான நேரத்துக்கு மட்டும்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை சுவரில் கைவைத்துத் தள்ளுவது 15 தடவை, அல்லது நிறைந்த வாளியைத் தூக்கி நடப்பது. தசைக்கும் மூட்டுக்கும் கிடைக்கும் அழுத்தம் பதற்றத்தைத் தணிக்கலாம், பைசா செலவில்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி மேடம், நன்றி சார். தூங்க அல்ப்ராசோலம் (பதற்றம் தணிக்கும் மாத்திரை) கேட்கிறார்கள். வீட்டார் சாப்பாட்டில் 'குடி மறக்கும் பொடி' கலப்பதாகவும் சொல்கிறார்கள்.

பதில் | மனநல மருத்துவர்

அல்ப்ராசோலம் தொடுவதும் அதே காபாவைத்தான். கடையில் வாங்கித் தொடர்ந்தால் குடி மாத்திரையாக மாறும், அவ்வளவே. விலகல் காலத்துக்கு உரிய மாத்திரையை நாங்களே படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம்.

பொடியில் பெரும்பாலும் என்ன இருக்கிறதென்றே தெரியாது. டைசல்பிராம் (மேலே குடித்தால் உடலை வதைத்து, குடியைத் தவிர்க்கவைக்கும் மருந்து) இருந்து, தெரியாமல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு மட்டுமே அது. வாயில் உலோகமோ பூண்டோ போன்ற சுவை நிற்பதும் உண்டு. நாக்குக் கூச்சக்காரர் அதற்காகவே நிறுத்திவிடுவார், தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், மாற்று மருந்துகள் இருக்கின்றன.

வீட்டாருக்கு டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண் 14416 கொடுங்கள், தமிழிலும் பேசுவார்கள். வீடு திரும்பியபின் 2 வாரம் ஒரு நோட்டு: குடி வேட்கை 0 முதல் 10 வரை எவ்வளவு, அதற்கு முந்தைய 2 மணி நேரத்தில் எங்கே இருந்தார், என்ன சத்தம், எப்போது சாப்பிட்டார். பசியும் பதற்றமும் ஒரே மாதிரி தோன்றுபவர்கள் இவர்களில் உண்டு. அவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்தைக் கடிகாரத்தில் கட்டிவிடுங்கள்.