லாகின் ஸ்கிரிப்டை டெஸ்ட் செய்வது எப்படி: போலி சர்வரா, நிஜ சர்வரா?

இரவுப்பணி:
எங்கள் ஆபீஸில் பழைய நெட்வொர்க் ஸ்விட்ச்சுகள் நிறைய, லினக்ஸ் சர்வர்கள் கொஞ்சம். தினமும் ராத்திரி எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக லாகின் செய்யும் புரோகிராம்) வழியாக ஒவ்வொன்றிலும் நுழைந்து கான்ஃபிக் (அமைப்பு விவரங்கள்) பேக்கப் எடுக்க ஒரு எக்ஸ்பெக்ட் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. திரையில் கேள்வி வந்தால் நமக்குப் பதிலாகப் பதில் தட்டும் கருவிதான் எக்ஸ்பெக்ட். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது அதில் சில மாற்றங்கள் செய்ய வேண்டும். கையால் ஓட்டினால் ஓடுகிறது, ஆனால் க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போடுவதற்கு முன் எப்படி டெஸ்ட் செய்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் நிஜ ஸ்விட்ச்சில் ஓட்டிப் பார்க்க மேலாளர் சம்மதிக்க மாட்டார். நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

மஞ்சள்பை:
டெஸ்ட் செய்யாதீர்கள், தூக்கிப் போடுங்கள். எக்ஸ்பெக்ட் 1990-ல் வந்தது. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்தில் டான் லைப்ஸ் எழுதினார். டெல்நெட்டும் (பழைய ரிமோட் லாகின் முறை) எஃப்டிபியும் (ஃபைல் அனுப்பும் முறை) கோலோச்சிய காலம், வேறு வழியில்லை. இன்றைக்கும் திரையில் "பாஸ்வேர்ட்" என்று வருகிறதா என்று எட்டிப் பார்த்துப் பதில் தட்டும் ஸ்கிரிப்ட் எதற்கு? எஸ்எஸ்எச் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவி ஃபைல்) போடுங்கள், பேட்ச்மோட் ஆப்ஷனை யெஸ் என்று வையுங்கள். கீ வேலை செய்யாவிட்டால் எஸ்எஸ்எச் எந்தக் கேள்வியும் கேட்காமல் 255 என்ற எக்ஸிட் கோடுடன் (முடியும்போது புரோகிராம் தரும் எண், பூஜ்யம் என்றால் வெற்றி) வெளியே வந்துவிடும். அதை டெஸ்ட் செய்ய ஒரு வரி போதும்.

பழையமுனையம்:
லினக்ஸ் சர்வர்களுக்கு மஞ்சள்பை சொல்வது சரி. பழைய ஸ்விட்ச்சுக்கு என்ன செய்வார்? கீ என்றால் என்னவென்றே தெரியாத ஃபர்ம்வேர்கள் (சாதனத்துக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) இன்னும் ரேக்கில் உட்கார்ந்திருக்கின்றன. பழசு என்பதெல்லாம் ஒரு வாதமே இல்லை. ஜிசிசி கம்பைலரையும் ஜிடிபி டிபக்கரையும் டெஸ்ட் செய்யும் டெஜாக்னு என்ற கருவி, எக்ஸ்பெக்ட்மேல் கட்டியதுதான்.

இரவுப்பணி, கேள்விக்கு வருகிறேன். முதலில் ஸ்கிரிப்ட்டில் டைம்அவுட் எப்படிக் கையாளப்படுகிறது என்று பாருங்கள். எதிர்பார்த்த வாசகம் வர எக்ஸ்பெக்ட் 10 வினாடி காத்திருக்கும். வரவில்லை என்றால், அதற்கென்று நீங்கள் தனியாக எதுவும் எழுதாத பட்சத்தில், அது கத்தாது, நிற்காது, சத்தமில்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த வரி என்ன? சென்ட், அதாவது பதிலைத் தட்டி அனுப்பும் கட்டளை. டெல்நெட் சாதனமாக இருந்தால் யூசர்நேம் கேட்கும் இடத்தில் பாஸ்வேர்ட் போய் விழும், அந்தப் பக்கத்து லாகில் "இப்படி ஒரு யூசர் நுழையப் பார்த்தார்" என்று உங்கள் பாஸ்வேர்ட் பளிச்சென்று பதிவாகும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் பாதையை டெஸ்ட் செய்து பயனில்லை, அது தினமும் ராத்திரி தானே ஓடிக் காட்டுகிறது. எதிர்முனை உளறும்போது ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு நிஜ ஸ்விட்ச் வேண்டாம். எஸ்எஸ்எச் என்ற பெயரிலேயே ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, பாத் வரிசையில் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் வரிசை) அதை முதலில் வையுங்கள். அது "பாஸ்வேர்ட்" என்று கேட்கும், ஒரு வரி வாங்கும், ப்ராம்ப்ட் (அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் குறி) காட்டும். அப்புறம் அதையே விதவிதமாகக் கெடுங்கள். ஒன்று எதுவும் பேசாமல் தூங்கட்டும், ஒன்று பாஸ்வேர்ட் தப்பு என்று மறுபடி கேட்கட்டும், இன்னொன்று பாதி கான்ஃபிக் காட்டிவிட்டுச் செத்துப் போகட்டும்.

வேதாளம்:
அண்ணே, டைம்அவுட் பற்றிச் சொன்னது சரி. போலி எஸ்எஸ்எச் விஷயத்தில்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எதிர்முனை என்ன பேசும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதைத்தான் போலி பேசும். பெண் பார்க்கப் போகுமுன் கண்ணாடி முன்னால் நின்று பெண் வீட்டார் பதிலையும் நாமே சொல்லிக்கொள்வது மாதிரி.

ஒரு நிஜ உதாரணம். புதிய ஹோஸ்ட்டுக்குப் (எதிர்முனை மெஷின்) போகும்போது, அதை நம்பலாமா, "யெஸ் ஸ்லாஷ் நோ" என்று அடைப்புக்குறிக்குள் கேட்கும் அல்லவா? 2019-ல் ஓபன்எஸ்எஸ்எச் 8.0 வந்தபோது அதோடு சதுர அடைப்புக்குறிக்குள் "ஃபிங்கர்பிரின்ட்" என்ற சொல்லும் சேர்ந்தது. பழைய வாசகத்தை மூடும் அடைப்புக்குறி வரை அப்படியே எதிர்பார்த்த ஸ்கிரிப்டுகள் அங்கேயே காத்து நின்றன. சரி என்று புது வாசகத்தை வெட்டி எடுத்து இரட்டை மேற்கோளுக்குள் ஒட்டினால் அடுத்த வம்பு. எக்ஸ்பெக்டின் மொழி டிசிஎல், அதற்குச் சதுர அடைப்புக்குறி என்றால் "உள்ளே இருப்பதை ஓட்டு" என்று பொருள். ஃபிங்கர்பிரின்ட் என்று ஒரு கட்டளையே இல்லை என்று சொல்லி ஸ்கிரிப்ட் விழும். நெளிவு அடைப்புக்குள் போட்டால் டிசிஎல் விட்டுவிடும். ஆனால் எக்ஸ்பெக்டின் வழக்கமான பேட்டர்ன் முறையில் சதுர அடைப்பு என்பது "இவற்றில் ஏதோ ஓர் எழுத்து" என்று ஆகிவிடும், அதனால் அப்போதும் பொருந்தாது. உங்கள் போலி இதில் எதைக் காட்டிக்கொடுத்திருக்கும்? பழைய வாசகத்தையே சொல்லிக்கொண்டிருக்கும், டெஸ்ட் பச்சை விளக்குக் காட்டிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. நிஜ எஸ்எஸ்எச் பாஸ்வேர்ட் கேட்கும்போது எக்கோவை (தட்டுவது திரையில் தெரிவதை) அணைத்து, அதற்கு முன் தட்டி வைத்ததையெல்லாம் கொட்டிவிடும். போலியில் இருக்கும் சாதாரண ரீட் கட்டளை, முன்கூட்டியே வந்த பாஸ்வேர்டையும் சமர்த்தாக எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு அனுப்பும் ஸ்கிரிப்ட் போலியிடம் பாஸ், நிஜத்தில் ஃபெயில்.

ஒரு கன்டெய்னரில் (தனியாக ஓடும் குட்டி லினக்ஸ் சூழல்) நிஜ எஸ்எஸ்எச் சர்வரை 2222 போர்ட்டில் ஓட்டுங்கள். பழைய பதிப்பில் ஒன்று, புதுப் பதிப்பில் ஒன்று. அதுதான் டெஸ்ட்.

மஞ்சள்பை:
அந்த "யெஸ்" கேள்விக்கு ஸ்கிரிப்ட் பதில் சொல்லும் பழக்கமே தப்பு. எதிரே யார் இருந்தாலும் யெஸ் என்றால் ஹோஸ்ட் கீ (எதிர்முனை மெஷினின் அடையாளச் சாவி) எதற்கு? ஸ்ட்ரிக்ட்-ஹோஸ்ட்-கீ-செக்கிங் ஆப்ஷனில் அக்செப்ட்-நியூ என்று ஒரு மதிப்பு 2017-ல் 7.6 பதிப்பிலேயே வந்துவிட்டது. புது ஹோஸ்ட்டை ஏற்கும், தெரிந்த ஹோஸ்ட்டின் கீ மாறியிருந்தால் மறுத்துவிடும். அதை வைத்தால் வேதாளம் விவரித்த கூத்துக்கே இடமில்லை.

முருங்கைக்காய்:
சண்டை சுவாரசியமாக இருக்கிறது. ஆன்சிபில் (நிறைய மெஷின்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கருவி) என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே?

பழையமுனையம்:
ஆன்சிபிலிலும் எக்ஸ்பெக்ட் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது தம்பி. உள்ளே, எக்ஸ்பெக்ட் வேலையையே பைத்தான் மொழியில் செய்யும் பெக்ஸ்பெக்ட்தான் ஓடுகிறது. பிரச்சினை இடம் மாறும், அவ்வளவுதான்.

அக்செப்ட்-நியூ பற்றி மஞ்சள்பை சொன்னதை ஏற்கிறேன். வேதாளம், உங்கள் கன்டெய்னர் நல்ல பிள்ளை. அது "மோர்" என்று பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தாது, எனேபிள் பாஸ்வேர்ட் (உயர் உரிமைக்கான இன்னொரு பாஸ்வேர்ட்) கேட்காது, நடுவில் மூச்சடைத்து நிற்காது. நமக்கு வேண்டியதே அந்தக் கோளாறுகள்தான். போலியை மண்டையிலிருந்து எழுதாமல், நிஜ ஸ்விட்ச்சில் ஒரு தடவை நுழைந்து லாக்-ஃபைல் கட்டளையால் எல்லாவற்றையும் பதிவு செய்து, அந்தப் பதிவைப் போலி அப்படியே ஒப்பிக்கட்டும். பெண் வீட்டார் பேச்சை டேப்பில் பிடித்து வந்த மாதிரி ஆகிவிடும்.

இரவுப்பணி:
பதில்களுக்கு நன்றி. பதிவு எடுக்க ஒரு முறை மட்டும் அனுமதி வாங்கினேன். எக்ஸ்பெக்டின் மைனஸ் டி ஆப்ஷனோடு (எது எதோடு பொருந்தியது என்று விவரமாகக் காட்டும்) ஓட்டியதில் புது விஷயம் தெரிந்தது. எங்கள் ஸ்விட்ச்சுகளில் உள்ளே நுழைந்ததும் ஒரு பேனர் வரும், "அனுமதியின்றி நுழையாதே" என்ற எச்சரிக்கையைச் சுற்றி ஹேஷ் (#) குறியாலேயே ஒரு கட்டம். ஸ்கிரிப்ட் பாஸ்வேர்ட் அனுப்பியபின் ப்ராம்ப்டுக்காக ஹேஷ் குறியை எதிர்பார்க்கிறது. பேனரின் முதல் ஹேஷ் வந்த உடனேயே பொருந்திவிட்டது என்று மைனஸ் டி காட்டுகிறது. அடுத்த கட்டளைக்கு எதிர்பார்ப்பதும் ஹேஷ், அதற்கும் பேனரிலேயே இன்னொன்று கிடைக்கிறது. வேகமான ஸ்விட்ச்சில் எப்படியோ தப்பித்துவிடுகிறது. மெதுவான இரண்டு மூன்றில் பேக்கப் ஃபைலைத் திறந்தால் பேனர் மட்டும்தான் இருக்கிறது. ஃபைலில் தேதி இருக்கிறது, எக்ஸிட் கோடு பூஜ்யம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வேதாளம்:
டெல்நெட் காலத்து "லாஸ்ட் லாகின்" கதையின் தம்பி இது. "லாகின்" என்று வந்தால் யூசர்நேம் அனுப்பு என்று லூப்பில் எழுதி வைப்பார்கள். உள்ளே போனதும் "லாஸ்ட் லாகின்: செவ்வாய்" என்று வரும். ஷெல்லில் யூசர்நேமைக் கட்டளையாகத் தட்டிவிட்டு ஸ்கிரிப்ட் விழிக்கும்.

வெறும் ஹேஷைத் தேடாதீர்கள், ஸ்விட்ச்சின் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (வாசகம் தேடும் பேட்டர்ன் மொழி) டாலர் குறி போட்டால் வரியின் முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்பெக்டில் அது இதுவரை வந்து சேர்ந்த எழுத்துகளின் முடிவு, எனவே துண்டு துண்டாக வரும்போது ஏமாற்றும். அதோடு, டெஸ்ட் எக்ஸிட் கோடை நம்பவே கூடாது. எஸ்எஸ்எச் தந்த கோடு வெயிட் கட்டளை தரும் பட்டியலில் நான்காவதாக இருக்கும், அதை எடுத்து நீங்களாக எக்ஸிட்டுக்குக் கொடுத்தால்தான் வெளியே தெரியும். சிஸ்கோ ஐஓஎஸ் கான்ஃபிக் என்றால் கடைசியில் "எண்ட்" என்று ஒரு வரி வரும். பேக்கப் ஃபைலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள், பாதி டெஸ்ட் அதிலேயே முடிந்தது.

மஞ்சள்பை:
மைனஸ் டி போட்ட அவுட்புட்டை யாருக்கும் அப்படியே அனுப்பிவிடாதீர்கள். சென்ட் செய்த பாஸ்வேர்டும் அதில் எழுத்து எழுத்தாக இருக்கும். டெஸ்டுக்கென்று, பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு வாங்குங்கள். எஸ்எஸ்எச்பாஸ் (எஸ்எஸ்எச்சுக்குப் பாஸ்வேர்ட் ஊட்டும் கருவி) பக்கம் போனாலும் மைனஸ் பி வேண்டாம், பாஸ்வேர்ட் கட்டளை வரியிலேயே இருக்கும். என் கருத்தில் மாற்றமில்லை: இவ்வளவு காவல் போட வேண்டிய ஸ்கிரிப்டை வைத்துக்கொள்வதைவிட ஸ்விட்ச்சை மாற்றுவது மலிவு.

பழையமுனையம்:
பட்ஜெட் கையெழுத்தும் நீங்களே போட்டால் நாளைக்கே மாற்றலாம்.

வேதாளத்துக்கு ஒன்று. தப்பான பாஸ்வேர்ட் டெஸ்டை நிஜ சர்வரில் ஓட்டினால் ஃபெயில்2பேன் (தப்பான லாகின்களைப் பார்த்துத் தடுக்கும் புரோகிராம்) உங்கள் ஐபியையே பூட்டிவிடும். அப்புறம் மற்ற டெஸ்டுகளும் வரிசையாக விழும், காரணம் புரியாமல் மண்டை காயும். அந்த ஒன்றுக்காவது போலி வேண்டாமா?

வேதாளம்:
அந்த ஒன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், விட்டுத் தருகிறேன்.

இரவுப்பணி:
லினக்ஸ் சர்வர்களை இந்த வாரமே கீக்கு மாற்றுகிறேன். ஸ்விட்ச்சுகளுக்கு, எடுத்த பதிவை ஒப்பிக்கும் போலியும், ஸ்டோரில் சும்மா கிடக்கும் ஒரு பழைய ஸ்விட்ச்சும். க்ரானில் டெர்ம் (டெர்மினல் வகையைச் சொல்லும் வேரியபிள்) இருக்காது, பாத்தும் குறுகலாக இருக்கும் என்பதால் டெஸ்டையும் காலியான என்விரான்மென்ட்டில்தான் ஓட்டப் போகிறேன். ஒரு சந்தேகம்: தூங்கும் போலிக்கு ஒவ்வொரு தடவையும் 10 வினாடி போகிறது. டெஸ்டில் மட்டும் டைம்அவுட்டை 1 ஆக்கலாமா?

பழையமுனையம்:
ஆக்கலாம். டைம்அவுட்டை ஸ்கிரிப்டுக்குள் எழுதாமல் வெளியிலிருந்து என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுங்கள்.

வேதாளம்:
1 வேண்டாம், 3 வையுங்கள். டெஸ்ட் மெஷின் கொஞ்சம் திணறினாலும் 1 வினாடியில் நல்ல ஸ்கிரிப்டும் தோற்கும். அப்புறம் சிவப்பு விளக்கு எரிந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.