வியட்நாம் ஒரு வாரம்: எந்த ஊருக்குப் போனீங்க, எதை விட்டீங்க?

திருச்சி

வியட்நாம்னு பேச்செடுத்தாலே எல்லாரும் ஒரே லிஸ்ட்டைத்தான் நீட்டுறாங்க. ஹனோய், ஹா லோங் விரிகுடா, சாப்பா, டனாங், ஹோய் ஆன், சைகோன் (இப்போ ஹோ சி மின் நகரம்), நேரம் இருந்தா ஃபூ குவோக் தீவு வேற. எங்களுக்கு ஒரு டிராவல் ஏஜென்ட் போட்டுக் கொடுத்த பிளானும் இதேதான், ஒரு வாரத்துக்குள்ள அத்தனையும் அடைச்சு வச்சிருந்தாரு. நான் ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு நாளும் வண்டியில எவ்வளவு நேரம், ஏர்போர்ட்ல எவ்வளவு நேரம்னு எழுதிப் பாத்தேன். ஹனோய்ல இருந்து சைகோனுக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர், சென்னை கொல்கத்தா தூரத்தை விடவும் கொஞ்சம் ஜாஸ்தி. ஃப்ளைட்ல ரெண்டு மணி நேரம்தானேன்னு சொல்வாங்க, ஆனா ரூமைக் காலி பண்ணி ஏர்போர்ட் போய் காத்திருந்து இறங்கி பெட்டி எடுத்து அடுத்த ஹோட்டல்ல ரூம் ரெடியாகுற வரைக்கும் லாபியில உக்காந்திருந்து எல்லாம் சேத்தா அரை நாளுக்கு மேல போயிடும். அந்த பிளான்ல பாதி லீவு ரோட்டுலயும் ஏர்போர்ட்லயுமே கரையுற மாதிரிதான் இருந்துச்சு.

எங்ககூட அத்தையும் வந்தாங்க, 70 தாண்டினவங்க. பையன் ஏழாவது படிக்கிறான், அதனால மே மாசம்தான் லீவு. திருச்சியில இருந்தே சைகோனுக்கு நேரடி விமானம் 2023 நவம்பர்ல விட ஆரம்பிச்சாங்க, அதுல போறதா முடிவு பண்ணதால சைகோன் தானா உள்ள வந்துடுச்சு. அதுகூட இன்னும் ஒரே ஒரு இடம், அவ்வளவுதான்னு வீட்ல தீர்மானமா சொல்லிட்டேன். பையன் கடல் வேணும்னான், அத்தை "அங்க பழைய சிவன் கோயில் இருக்காமே"ன்னு கேட்டாங்க. ரெண்டும் ஒரே பக்கம் கிடைக்கறது நடு வியட்நாம்ல டனாங், ஹோய் ஆன் ஏரியாவுலதான். ஹனோய், ஹா லோங், சாப்பா இருக்கற வடக்கை முழுசா விட்டோம்.

அந்தக் கோயில் இருக்கற இடம் மீ சன், ஹோய் ஆன்ல இருந்து ஒரு 40 கிலோமீட்டர் இருக்கும். நடு வியட்நாமை ஆண்ட சம்பா ராஜாக்கள் 4ஆம் நூற்றாண்டுல இருந்து 13ஆம் நூற்றாண்டு வரைக்கும் கட்டினது, செங்கல் கோபுரங்கள், செங்கலுக்கு நடுவுல சாந்து வச்ச தடமே கண்ணுக்குத் தெரியாது. பத்ரவர்மன்னு ஒரு ராஜா, அவர் பிரதிஷ்டை பண்ண சிவனுக்கு பத்ரேஸ்வரர்னு பேரு. 1969ல அமெரிக்காக்காரன் குண்டு போட்டதுல பெரிய கோபுரம் போயிடுச்சு, குண்டு விழுந்த பள்ளம் இன்னும் புல் முளைச்சு அப்படியே இருக்கு. நம்ம இந்தியத் தொல்லியல் துறைதான் போய் சில கோயில்களை சீர் பண்ணிக் கொடுத்திருக்காங்க, அந்த வேலை நடக்கும்போது 2020ல ஒரே கல்லுல செஞ்ச சிவலிங்கம் ஒண்ணு கிடைச்சுது.

நாங்க காலையில சீக்கிரமே போயிட்டோம், மே மாச வெயில் அங்க நம்மூர் வெயில்தான். கேட்டுல இருந்து உள்ள கொஞ்ச தூரம் பேட்டரி வண்டியில கொண்டு விடுறாங்க. ஒரு கோபுரத்துக்கிட்ட ஆவுடையார் மட்டும் தனியா இருந்துச்சு, அத்தை அதைப் பாத்ததும் நின்னுட்டாங்க. அபிஷேகத் தண்ணி வெளிய வர்ற பக்கத்தைக் கையால தடவிக் காட்டி பையனுக்கு கோமுகி பத்தி சொல்லிட்டு இருந்தாங்க. அங்க காவல் இருந்த பெரியவர் ஒருத்தர், அவருக்கு நம்ம பாஷை தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அத்தை நெத்தியில விபூதியைப் பாத்தாரு, அந்தக் கல்லைப் பாத்தாரு, வாங்கன்னு கை காட்டி பின்பக்கம் கூட்டிட்டுப் போய் மண்ணுக்குள்ள பாதி புதைஞ்சிருந்த ஒரு நந்தியைக் காட்டினாரு. அத்தை அங்கயே நின்னு மெதுவா ஒரு பதிகம் பாடினாங்க, அவர் முடியற வரைக்கும் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிட்டு நின்னாரு. ஹா லோங் போயிருந்தா நல்ல படம் எடுத்திருப்போம், எனக்குத் தெரியும். ஆனா எங்க வீட்டுக்கு இந்த ஊர்தான் சரி.

வேற யாராவது வடக்குப் பக்கம் மட்டும் போனவங்க இருந்தா சொல்லுங்க, அடுத்த தடவைக்கு வேணும்.

சேலம்

நான் வடக்கு மட்டும் போனவன், நவம்பர்ல, கூட ஃப்ரெண்ட் ஒருத்தன். ஹனோய்லயே தங்கினோம், நடுவுல நின் பின். ஹா லோங் போகலை, அதுக்குக் காரணம் இருக்கு. ஹா லோங் ஒரே நாள்ல போய்ட்டு வரலாம்னு விக்கிறாங்க, போக ரெண்டரை மணி நேரம் வர ரெண்டரை மணி நேரம், படகுல இருக்கறது கொஞ்ச நேரம்தான். ராத்திரி படகுல தங்கினாதான் அதுக்கு அர்த்தம், அதுக்கு பட்ஜெட்டும் வேணும் இன்னொரு நாளும் வேணும். வானிலை சரியில்லைன்னா படகை நிறுத்திடுவாங்க, 2024 செப்டம்பர்ல யாகி புயல் அந்தக் கரையைத்தான் அடிச்சுது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்ல போறவங்க ஹா லோங்கை நம்பி மொத்த பிளானையும் கட்டாதீங்க.

நின் பின் அதே மாதிரி சுண்ணாம்புப் பாறை மலைகள்தான், கடலுக்கு பதிலா ஆறும் வயலும். ஹனோய்ல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். அங்க டாம் காக்ங்கற இடத்துல படகு ஓட்டுறது பெரும்பாலும் பொம்பளைங்கதான், எங்களுக்கு வந்த அக்கா பின்னால சாஞ்சு உக்காந்து ரெண்டு காலாலயும் துடுப்பு போட்டாங்க, கை ரெண்டும் சும்மா இருக்கு. அந்தக் கையால ஆரஞ்சு உரிச்சு எங்களுக்கும் கொடுத்து அவங்களும் சாப்பிட்டு, மூணு குகை தாண்டி போற வரைக்கும் ஏதோ பேசிட்டே வந்தாங்க, நாங்க தமிழ்ல பதில் சொன்னோம், அவங்க சிரிச்சாங்க. என் ஃப்ரெண்டு காலால ட்ரை பண்றேன்னு கேட்டான், கொடுத்தாங்க, படகு ஒரு சுத்து சுத்தி பாறையில போய் நின்னுச்சு. இறங்கும்போது அவன் கையைப் பிடிச்சு கரையேத்தி விட்டுட்டு மீதி இருந்த ஆரஞ்சையும் அவன் பையில போட்டாங்க.

பக்கத்துலயே ஹோ லூ, வியட்நாமோட பழைய தலைநகரம், 1010ல அங்கிருந்துதான் தலைநகரத்தை ஹனோய்க்கு மாத்தினாங்க. அதனால ஹனோய் பிளஸ் நின் பின் ஒண்ணா பாக்கும்போது ஒரு கதை மாதிரி கோர்வையா இருக்கும். ஹனோய்ல இலக்கியக் கோயில்னு சொல்றாங்களே, 1070ல கட்டினது, அங்க ஆமை மேல கல்வெட்டு நிக்குது, 82 கல்வெட்டு, எல்லாம் ராஜா காலத்து அரசுப் பரீட்சையில தேறினவங்க பேரு. நாங்க போன அன்னைக்கு காலேஜ் முடிச்ச பசங்க பொண்ணுங்க பட்டமளிப்பு டிரஸ்ல ஃபோட்டோ எடுக்க வந்திருந்தாங்க, எங்களையும் இழுத்து நடுவுல நிக்க வச்சு எடுத்தாங்க, ஒரு பொண்ணோட அப்பா கிராமத்துல இருந்து வந்திருந்தாரு, அவர் முகத்தைப் பாக்கணும், நம்மூர்ல முதல் பட்டதாரி வீட்டு அப்பா நிக்கிற அதே நிப்பு.

ஹனோய்ல சுதந்திரத் தலைவர் ஹோ சி மின் உடல் வச்சிருக்கற இடம் திங்கள், வெள்ளி லீவு, மத்த நாள்லயும் காலையில மட்டும்தான். ஹனோய்க்கு எந்தக் கிழமை போறோம்னு பாத்து வச்சுக்கோங்க.

கோவை

திருச்சி அக்கா சொன்னது ரொம்ப சரிங்க. நாங்க சுத்த சைவமுங்க, கூட அப்பா அம்மா, அப்பாவுக்கு முட்டி வலி. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது எங்களுக்கு ரெண்டே கேள்வி, சாப்பாடு கிடைக்குமா, படி ஏறணுமா. நின் பின்ல மூவா குகைன்னு எல்லாரும் ஃபோட்டோ போடுற இடம் கிட்டத்தட்ட 500 படிங்க. சைகோன் பக்கத்துல கூ சி சுரங்கம் குனிஞ்சு தவழ்ந்து போகணும். ரெண்டையும் தள்ளிட்டோம். டனாங்ல பளிங்கு மலைக்கு லிஃப்ட் இருக்குதுங்க, பா நா மலைக்கு ரோப் கார், கிட்டத்தட்ட 5.8 கிலோமீட்டர், மேல அந்த ரெண்டு கல் கை தாங்குற தங்கப் பாலம் 2018ல திறந்தது. அப்பா ரோப் கார்ல கண்ணாடியோட ஒட்டி உக்காந்து கீழ காட்டையே பாத்துட்டு வந்தாருங்க, ஊட்டி மலை ரயில்ல போறப்போ கூட அவர் அப்படி இருந்து நான் பாத்ததில்லை.

சாப்பாட்டுக்கு ஒரு விஷயம் சொல்றேனுங்க. அந்த ஊர்ல காய்கறி கேட்டாலும் மீன் சாஸ் ஊத்திடுவாங்க. "சாய்"னு (Chay) போர்டு இருக்கற கடை மட்டும் பாருங்க, அது புத்த மதத்துக்காரங்களோட சைவக் கடை. பௌர்ணமி, அமாவாசை அன்னைக்கு அங்க நிறைய பேர் கறி மீன் தொடமாட்டாங்க, அதனால அந்த நாள்ல சாதாரணக் கடையிலயும் சைவம் நிறைய போடுறாங்க. நாங்க வேணும்னே பௌர்ணமியை ஒட்டி ஹோய் ஆன்ல இருக்கற மாதிரி தேதி போட்டோமுங்க, ஏன்னா அவங்க கணக்குல 14ஆம் நாள் ராத்திரி பழைய டவுன்ல கரண்ட் லைட்டை அணைச்சுட்டு வெறும் லாந்தர் வெளிச்சம்தான். ஆத்துல விளக்கு விடுறாங்க. அம்மா மார்க்கெட் ஓரத்துல ஒரு பாட்டிகிட்ட வெறும் சோறும் வதக்கின டோஃபுவும் கீரையும் வாங்கினாங்க, சம்பாத்தியம் எவ்வளவு, எத்தனை பசங்கன்னு கையாலயே ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க. அடுத்த நாளும் அதே பாட்டிகிட்டதான் போகணும்னு அடம். பையில இருந்த எலுமிச்சை ஊறுகாய் பாக்கெட்டை அந்தப் பாட்டிக்குக் கொடுத்துட்டு வந்தாங்க.

சென்னை

எல்லாரும் சைகோனை இறங்கி ஏறுற ஸ்டேஷன் மாதிரி பேசுறீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்லை. நான் தனியா போனேன், முழு லீவும் சைகோன்லயேதான், வேற ஊருக்கே போகலை. போர் நினைவு மியூசியம் ஒரு காலைப் பொழுது முழுசும் வேணும். போர்ல காட்டை அழிக்க அமெரிக்கா ஏஜென்ட் ஆரஞ்சுங்கற விஷ மருந்து தெளிச்சதுல பாதிக்கப்பட்டவங்க படங்கள் இருக்கற அறையை விட்டு வெளிய வந்து வராந்தாவுல உக்காந்துட்டேன், பக்கத்துல ஒரு அமெரிக்கத் தாத்தா உக்காந்திருந்தாரு, ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை, எந்திரிச்சுப் போகும்போது என் தோள்ல ஒரு தட்டு தட்டிட்டுப் போனாரு. அவர் அங்க சண்டை போட்டவரா இல்லையான்னு நான் கேக்கலை. இப்படிப்பட்ட இடத்தை காலையில ஒண்ணு மத்தியானம் ஒண்ணுன்னு ஓட்டக்கூடாது. 1975 ஏப்ரல் 30, போர் முடிஞ்ச அன்னைக்கு, வடக்கு வியட்நாம் டாங்க் கேட்டை இடிச்சுட்டு உள்ள வந்த அந்த ஜனாதிபதி மாளிகையும் நடக்கற தூரம்தான், ஆனா நான் அதை மறுநாள்தான் பாத்தேன்.

அப்புறம் மாரியம்மன் கோயில். பென் தான் மார்க்கெட் பக்கத்துல, பிரெஞ்சுக்காரன் காலத்துல வட்டித் தொழிலுக்குப் போன செட்டியார்கள் கட்டினது. தமிழ் முகம் ரெண்டு மூணுதான் இருக்கும், மிச்சம் எல்லாம் வியட்நாம்காரங்க, ஊதுபத்தியும் பூவும் கையில வச்சுக்கிட்டு. கருவறைக்குப் பின்னால போய் கல் சுவத்துல நெத்தியை வச்சு வேண்டிக்கிறாங்க. என் முன்னால ஒரு ஆஃபீஸ் போற பொண்ணு, ஐடி கார்டு கழுத்துலயே இருக்கு, ரொம்ப நேரம் நெத்தியை எடுக்கவே இல்லை. திரும்பினவ நான் நிக்கறதைப் பாத்துட்டு, எனக்கு வழி தெரியலைன்னு நினைச்சு, என் தலையை எங்க வைக்கணும்னு அந்தக் கல்லைத் தொட்டுக் காட்டினா. மாரியம்மனை எப்படிக் கும்பிடணும்னு ஒரு வியட்நாம் பொண்ணு எனக்கு சொல்லிக் கொடுத்தா, நானும் அவ காட்டின மாதிரியே கும்பிட்டேன்.

திருச்சி

சென்னை தம்பி சொல்றதை ஒத்துக்கறேன், சைகோனுக்கு நாங்க கொடுத்த நேரம் அத்தைக்கும் பத்தலை, அந்தக் கோயில்ல இருந்து அவங்களைக் கிளப்புறதே பெரும்பாடாயிடுச்சு.

ஒரு தங்கச்சி தனியா கேட்டிருந்தாங்க, கிறிஸ்துமஸ் லீவுல போறோம், சின்னக் குழந்தை இருக்கு, ஹோய் ஆன்தான் ஆசைன்னு. வேண்டாம்மா. அங்க செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழைக்காலம், அக்டோபர் நவம்பர்ல பழைய டவுனுக்குள்ளயே ஆத்துத் தண்ணி ஏறி படகு விடுவாங்க, டிசம்பர் கடைசியிலயும் மழையும் மூட்டமுமா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, கடல்ல குழந்தையை இறக்க முடியாது. அதே நேரம் ஹனோய்ல ஸ்வெட்டர் போடுற குளிர். ஆனா தெற்குல அப்போ மழை இல்லாத நல்ல காலம். சைகோன்ல இறங்கி, மீகாங் பக்கம் கான் தோல ஒரு ராத்திரி தங்கி விடியக்காலம் காய் ராங் மிதக்கும் சந்தை பாருங்க, மீதியை ஃபூ குவோக்ல கடல்கிட்ட வச்சுக்கோங்க, குழந்தைக்கும் அலைச்சல் இல்லை. ஹோய் ஆன் மார்ச் ஏப்ரலுக்கு இருக்கட்டும்.

இன்னொண்ணு, ஈ விசா படிவத்துல எந்த ஏர்போர்ட் வழியா உள்ள வர்றீங்க, எது வழியா வெளிய போறீங்கன்னு கேக்கும். அதனால ஊரை முடிவு பண்ணிட்டு அப்புறம் விசா போடுங்க. பாஸ்போர்ட்ல பேரு எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்க, குழந்தைக்கும் தனியா போடணும்.