நதி எல்லை போடுமா? 470 கிலோமீட்டர், இரண்டே இரண்டு பாலம்

மண்வாசகன்:
வேறொரு இழையில் ஆற்றங்கரையான் ஒரு போடு போட்டிருக்கிறார்: "நாடுகளின் எல்லையை நதிகள் எப்போதோ வகுத்துவிட்டன, அரசர்கள் பிறகு வந்து கையெழுத்து மட்டும் போட்டார்கள்." விருப்பக்குறிகள் வேறு குவிகின்றன. ஆதாரமாக அவர் காட்டுவது ருமேனியாவையும் பல்கேரியாவையும். அங்கே டான்யூப் சுமார் 470 கிலோமீட்டருக்கு எல்லையாக ஓடுகிறது. 1954 வரை அந்த நீளம் முழுக்கப் பாலமே கிடையாது. இரண்டாவது பாலம் 2013இல்தான் வந்தது. ஆகவே நதிதான் பிரித்தது என்கிறார்.

ஐயா, அதே டான்யூப்தான் புடாபெஸ்ட் நடுவிலும் ஓடுகிறது. 1849இல் சங்கிலிப் பாலம் போட்டார்கள். 1873இல் இக்கரையும் அக்கரையும் ஒரே நகரமாகிவிட்டன. தண்ணீருக்கு அங்கே மட்டும் மனசு இளகிவிட்டதா?

ஆற்றங்கரையான்:
வந்துவிட்டாரா! பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள பிரனீஸ் மலை பற்றிய இழையில் வாங்கிக் கட்டிக்கொண்டது ஆறவில்லை போலிருக்கிறது. புடாபெஸ்ட்டில் ஆறு சில நூறு மீட்டர் அகலம். 1954 பாலம் இணைக்கும் ஜுர்ஜு, ருஸே ஊர்கள் பக்கம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். பல்கேரியக் கரை மேடு, ருமேனியக் கரை தாழ்ந்து வெள்ளம் பாயும் சதுப்பு. வரைபடத்தில் நீலக்கோடாகப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. 1954க்கு முன் அங்கே பாலம் எங்கே? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மண்வாசகன்:
பிரனீஸ் இழையில் யார் வாங்கினார்கள் என்பது இன்னும் அங்கேயே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம்.

பாலத்துக்கு வருவோம். செர்னவோடா, 1895. அதே ருமேனியா, அதே டான்யூப், இன்னும் கீழே. ஆறு அங்கே இரண்டு கிளையாகப் பிரிந்து, நடுவில் பரந்த சதுப்பு. இரண்டு கிளைக்கும் பாலம், சதுப்புக்கு மேலேயும் ரயில்பாதை. ஐரோப்பாவிலேயே அன்றைக்கு அதுதான் மிக நீளமானது. ஏன் போட்டார்கள்? 1878 பெர்லின் மாநாட்டில் அக்கரையில் இருந்த டோப்ருஜா பகுதி ருமேனியாவுக்குக் கிடைத்தது, கருங்கடல் துறைமுகத்துக்கு ரயில் தேவைப்பட்டது. வேண்டும் என்று நினைத்த இடத்தில் 17 வருடத்தில் பாலம் வந்துவிட்டது. பல்கேரியாவோடு வேண்டும் என்று நினைக்கவில்லை, வரவில்லை. இதில் தண்ணீரின் குற்றம் என்ன?

ஆற்றங்கரையான்:
செர்னவோடா ருமேனியாவுக்கு உள்ளே இருக்கிறது. நான் கேட்டது எல்லையில். 1954க்கு முன் எல்லையில் பாலம் எங்கே?

மண்வாசகன்:
உள்ளே இருக்கிறது என்பதுதானே ஐயா என் வாதமே!

இளவேனில்:
சின்னச் சந்தேகம். எல்லை என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? அரசு வரைந்த கோடா, மொழி மாறும் இடமா, படை நிற்கும் இடமா? மூன்றும் ஒன்றல்லவே. அதை முதலில் பேசிக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வம்பன்:
தீர்ந்துவிட்டால் எங்களுக்குப் பொழுது போவது எப்படி? என் பங்குக்கு ஒரு கொள்ளி: 1954தான் முதல் பாலம் என்று இருவருமே ஒப்புக்கொண்டது போலத் தெரிகிறது. 328இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதே பகுதியில் பாலம் போட்டார். ஒரு முனை இன்றைய ருமேனியாவில், சுசிடவா. மறுமுனை இன்றைய பல்கேரியாவில், ஓஸ்கஸ். நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல்.

மண்வாசகன்:
அப்படிப் போடுங்கள்! ஆற்றங்கரையான் அவர்களே, கிட்டத்தட்ட 1,700 வருடத்துக்கு முன்பே, நீங்கள் சொன்ன அதே சதுப்பில், அதே அகலத்தில். இப்போது சொல்லுங்கள், பாலம் எங்கே என்று.

ஆற்றங்கரையான்:
நின்றதா? அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஒழிந்துபோனது. ரோமானியர்களே ரைன் நதியிலும் டான்யூபிலும் படையை வரிசையாக நிறுத்திக் காவல் காத்தார்கள். பொழுதுபோக்குக்கா? ஆற்றைக் காப்பது எளிது, வெறும் சமவெளியைக் காப்பது கடினம். சமவெளியில் கிடந்த போலந்து என்ன ஆயிற்று? 1772, 1793, 1795 என்று மூன்றே தவணையில் வரைபடத்தை விட்டே போய்விட்டது.

எகிப்தையும் பாருங்கள். நைல் வடக்கே ஓடுகிறது, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. கீழே போக நீரோட்டம், மேலே வரப் பாய்மரம். வரி வசூலிக்கும் ஆளும் தானியப் படகும் ஒரே வழியில் போய் வந்தார்கள். ஐயாயிரம் வருடத்துக்கு முன்பே ஒரே அரசாக இணைந்த நாடு அது. இதையும் ஏதாவது மாநாட்டில் முடிவு செய்தார்களா?

மண்வாசகன்:
டான்யூபில் ஆறு பிரிக்கும், நைலில் ஆறு சேர்க்கும். உங்களுக்கு எது வசதியோ அதை ஆறு செய்யும்! சரி, நைல் சேர்க்கிறது என்றால் அஸ்வானோடு ஏன் நின்றது? அதற்கு மேலேயும் அதே நைல்தானே?

ஆற்றங்கரையான்:
அஸ்வானில்தான் ஆறு பாறைகளுக்கு நடுவே கொந்தளித்து ஓடும் முதல் இடம். படகு போகாது. அதனால்தான் பழைய எகிப்தின் தெற்கு எல்லை பெரும்பாலும் அங்கேயே நின்றது. புவியியல்தான், ஐயா! நீங்களே வந்து வாயைக் கொடுத்தீர்கள்.

மண்வாசகன்:
பேச்சை மாற்ற வேண்டாம். செர்னவோடாவுக்குப் பதில் வரவில்லை.

வம்பன்:
யார் மாற்றுகிறார்கள் என்று தெரிகிறது, தெரிகிறது.

கடலோடி:
தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆற்றை யாரும் தொடவில்லையே. 1893இல் பிரான்ஸ் போர்க்கப்பலைக் கொண்டுவந்து மிரட்டி சியாமிடமிருந்து (இன்றைய தாய்லாந்து) இடதுகரையை, அதாவது இன்றைய லாவோஸ் பக்கத்தை, பிடுங்கியது. அதற்கு முன் இரண்டு கரையிலும் இருந்தவர்கள் லாவோ மக்கள். இன்றைக்கும் லாவோஸில் இருப்பதைவிட அதிகமான லாவோ வம்சத்தார் ஆற்றுக்கு இந்தப்பக்கம் தாய்லாந்தில் இருக்கிறார்கள். அங்கே ஆறு ஒன்றும் செய்யவில்லை. பீரங்கி செய்தது.

ஆற்றங்கரையான்:
பீரங்கி வைத்திருந்தவர்கள் எல்லைக்கோட்டை ஏன் ஆற்றில் போட்டார்கள்? வயல் நடுவில் போடவில்லையே?

மண்வாசகன்:
ஏன் என்று நான் சொல்கிறேன். பாரிஸில் உட்கார்ந்து வரைபடம் பார்ப்பவனுக்கு ஆறுதான் முதலில் கண்ணில் படும். சோம்பேறித்தனம்! அதன் விளைவைப் பார்க்க வேண்டுமா? மெக்சிகோவும் அமெரிக்காவும் 1848இல் ரியோ கிராண்டேயை எல்லை என்றார்கள். 1864 வாக்கில் வெள்ளம் வந்து ஆறு தெற்கே நகர்ந்தது. எல் பாசோ அருகே சமிசால் என்ற துண்டு நிலம் யாருக்கு என்று சண்டை. ஒப்பந்தம் 1963இல்தான் ஆனது. அப்புறம் என்ன செய்தார்கள்? ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலில் போட்டு, இனி நகராதே என்று அடைத்துவிட்டார்கள். எல்லையை ஆறு வகுத்ததாம்!

ஆற்றங்கரையான்:
ஆனால் கான்கிரீட் போட்ட பிறகும் எல்லை ஆறுதானே? வேலி போட்டு ஆற்றை விட்டுவிடவில்லையே? நீங்கள் எழுத எழுத என் பக்கம்தான் கனக்கிறது. பிரனீஸ் இழையிலும் இதே கதைதான்.

மண்வாசகன்:
பிரனீஸ் பற்றி இன்னொரு முறை எழுதினால் அந்தப் பதிவுகளை அப்படியே இங்கே ஒட்டுவேன். இருபுறமும் பாஸ்க், இருபுறமும் கட்டலான் என்று நான் சொன்னதற்கு நீங்கள் "உணர்ச்சிவசப்படாதீர்கள்" என்று எழுதினீர்கள். அதுதான் உங்கள் புவியியல்.

இளவேனில்:
எல்லை என்றால் என்ன என்று கேட்டிருந்தேன்...

வம்பன்:
கேட்டீர்கள், கேட்டீர்கள்.

கடலோடி:
மிசிசிப்பியை வைத்துப் பார்த்தால் இருவருமே தப்பு. 1803இல் அமெரிக்கா ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்து லூசியானாவை வாங்கியதற்கு முக்கியக் காரணம் அந்த ஆற்றின் வாயில் இருந்த நியூ ஆர்லியன்ஸ். ஆறு நாட்டைச் சேர்த்தது. அதே ஆறு இன்று பல மாநிலங்களுக்கு இடையே எல்லையாகவும் கிடக்கிறது. ஒன்றே இரண்டையும் செய்கிறது.

மண்வாசகன்:
கடலோடி, மாநில எல்லை வேறு, நாட்டு எல்லை வேறு. கலக்காதீர்கள்.

ஆற்றங்கரையான்:
முதல்முறையாக மண்வாசகன் சரியாகச் சொல்கிறார். மாநிலத்தை விடுங்கள். நான் கேட்டது எளிய கேள்வி. 470 கிலோமீட்டர். கான்ஸ்டன்டைன் பாலம் போனதிலிருந்து 1954 வரை ஏன் யாரும் நிரந்தரப் பாலம் போடவில்லை?

மண்வாசகன்:
செர்னவோடா. 1895. இரண்டு கிளை, நடுவில் சதுப்பு. இனி நீங்கள் எதைக் கேட்டாலும் இதைத்தான் எழுதுவேன்.

ஆற்றங்கரையான்:
எழுதுங்கள். அது எல்லையில் இல்லை.