தேவைப் பொறியியல் ஆய்வு: வணிகப் பகுப்பாய்வாளர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மென்பொருள் தேவைகளைச் செயல்சார்ந்தவை (மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பவை), தரம்சார்ந்தவை (பாதுகாப்பு, வேகம் போன்று எப்படி இயங்க வேண்டும் என்பவை) என, உரையைக் கையாளும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைக் கொண்டு வகைப்படுத்தும் முறைகளை முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்து வருகிறேன். இத்துறையில் பலரும் இன்றளவும் சார்ந்திருக்கும் பிராமிஸ் தரவுத்தொகுப்பில் 15 திட்டங்களிலிருந்து திரட்டிய 625 தேவைகளே உள்ளன. அவையும் அமெரிக்காவின் டிபால் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதியவை என்பதால், அத்தொகுப்பில் ஒரு மாதிரி காட்டும் உயர்ந்த துல்லியத்தை நம்பி நிறுவன ஆவணங்களுக்கு அதே மாதிரியைப் பரிந்துரைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. “மூன்று முறை கடவுச்சொல் தவறினால் கணக்கைப் பூட்ட வேண்டும்” என்ற வரி செயலா, பாதுகாப்புத் தரமா? என் பார்வையில் இரண்டுமே.

பணியில் தேவை ஆவணங்களை எழுதும் அன்பர்கள், நான் அனுப்பும் 40 வரிகளை வகைப்படுத்தி, தயங்கிய இடங்களில் காரணத்தையும் குறித்துத் தர இயலுமா? நிறுவன ஆவணம் எதையும் பகிர வேண்டியதில்லை. விருப்பமுள்ளவர்கள் தனிச்செய்தி அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்.