மின் கிற்றாருக்குப் புலிவரி மேப்பிள் பலகை: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில், வீட்டுப் பின்புறத்திலுள்ள சிறு பட்டறையில் மின் கிற்றார் ஒன்றைச் செய்துவருகிறேன். உடற்பகுதிக்கு உள்ளூர் மரக்காலையில் நல்ல மகோகனி கிடைத்துவிட்டது. மேல்முகத்துக்குத்தான் வழி தெரியவில்லை. 1950களின் இறுதியில் வந்த கிப்சன் லெஸ் போல் கிற்றார்களில் காண்பதுபோல் வரியோடிய மேப்பிள், ஒரே கட்டையைப் பிளந்து புத்தகம் விரித்தாற்போல் ஒட்டக்கூடியதாக, 7 அங்குல அகலமும் 21 அங்குல நீளமும் கொண்ட இரு துண்டுகளாக வேண்டும். முகத்தைக் குடைந்து வளைக்கும் எண்ணம் இல்லாததால் 6 மில்லிமீற்றர் தடிப்பே போதும்.

வட அமெரிக்காவிலிருந்து ஒரு சோடியை மட்டும் வருவித்தால், மரத்தின் விலையைவிட அனுப்புகூலியும் தீர்வையும் மிஞ்சிவிடும்போல் இருக்கிறது. வெனீர் எனப்படும் தாள்போன்ற மெல்லிய மர ஏடு மலிவுதான். ஆனால் முன்பொருமுறை தேய்க்கும்போது கை சற்று அழுந்தி அடிமரம் தெரிந்துவிட்டதால், மீண்டும் அதைத் தொட மனமில்லை. நம் முதிரை மரத்திலும் அழகான அலைவரி உண்டு, ஆயினும் தோளில் மாட்டுவதற்கு அது பெரும் பாரம்.

கொழும்பிலோ சென்னையிலோ இத்தகைய பலகையைச் சில்லறையாக விற்பவர்களை அறிவீர்களா? ஓரத்தில் கறையோ சிறு கணுவோ உள்ள இரண்டாந்தரமும் எனக்குச் சம்மதமே. சேர்ந்து வருவிக்க விரும்புவோரும் தெரிவியுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் மெல்லிய பலகை வளையாதிருக்க, ஒட்டுமுன் எத்தனை நாள் அடுக்கி வைத்தீர்கள் என்பதையும் அனுபவமுள்ளோர் கூறினால் நன்றியுடையேன்.